அவர்களுடைய பதிவேட்டில் நமக்கு ஒரு கட்டம்

வட்டார அளவில் சுகாதார ஆய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதமான ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மழைக்காலத்துக்கு முன்னால் டெங்கு தடுப்புக்குப் பிற துறைகளை ஒருங்கிணைக்கச் சொல்கிறார்கள். கூட்டம் போட்டால் பாதிப் பேர் வருவதில்லை, மீதிப் பேர் கிளார்க்கை அனுப்பிவிடுகிறார்கள். கடிதம் எழுதினால் பதில் இல்லை. மக்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். மற்ற துறைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லவில்லை. நம் செய்தியை எப்படிச் சொன்னால் அவர்கள் கூட வருவார்கள்?"

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தப்பாக நினைக்காதீர்கள் தம்பி. முப்பத்தோரு வருட சர்வீஸில் முதல் பத்து வருடம் நானும் இதையேதான் மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று, கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் அனுப்பும் கடிதம். அதைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். பொருள்: டெங்கு காய்ச்சல் தடுப்பு நடவடிக்கை – பிற துறைகளின் ஒத்துழைப்பு கோருதல் – தொடர்பாக. முதல் பத்தியில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் குணநலன்கள். இரண்டாவதில் தேங்காய்ச் சிரட்டை, ஆட்டுக்கல், பழைய டயர், பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு. மூன்றாவதில் "தங்கள் துறையின் சார்பில் உரிய நடவடிக்கை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." கீழே பதினான்கு அலுவலகங்களின் பெயர். பதினான்கு பேருக்கும் ஒரே கடிதம்தான். மின்வாரியத்துக்காரரும் உட்கார்ந்து ஆட்டுக்கல்லைப் பற்றிப் படிக்க வேண்டும்.

'உரிய நடவடிக்கை' என்கிற இடத்தில்தான் கோளாறு. என்ன நடவடிக்கை, யார் செய்வது, எந்தத் தேதிக்குள், எந்தச் செலவினத்தில்? ஒன்றும் கிடையாது. தபாலில் அதைப் பார்க்கும் அலுவலர் தனக்குக் கீழே உள்ள எட்டுப் பேருக்கு அதே 'உரிய நடவடிக்கை'யை அனுப்பிவைப்பார். கோப்பு முடிந்தது. அவரை எப்படிக் குறை சொல்வது? வேளாண் துறையிலிருந்து "மண்வளம் காக்க உரிய நடவடிக்கை எடுக்கவும்" என்று உங்களுக்கு ஒரு கடிதம் வந்தால் நீங்களும் அதைத்தான் செய்வீர்கள்.

எனக்கு இது புரிந்தது ஒரு பேருந்துப் பணிமனையில். 2012 டெங்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அந்த ஒரே வருடத்தில் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் நோய் உறுதியாகி 66 பேர் இறந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம்தான் அடி அதிகம். அதற்கு அடுத்த மழைக்காலம். நான் பார்த்த ஊரில் காய்ச்சல் கேஸ்களை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் எல்லாம் பணிமனையைச் சுற்றியே விழுந்திருந்தன. போய்ப் பார்த்தேன். பின்பக்கச் சுவரை ஒட்டி இருநூறு டயர் வானம் பார்த்துக் கிடந்தது. டார்ச் அடித்தால் ஒவ்வொன்றிலும் கொசுப்புழு நெளிகிறது. ஒரு பாட்டிலில் பிடித்து மூடி, நேரே மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கையில் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்படி நோட்டீஸும் இருந்தது. 1939-ல் சென்னை மாகாணத்தில் போட்ட சட்டம், நம் துறைக்கு முதுகெலும்பே அதுதான். அதைக் காட்டினால் ஆள் ஆடிப்போவார் என்று நினைத்தேன்.

அவர் பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். "புழு இருக்கறது தெரியும் சார். நான் என்ன பண்ணட்டும்? ஒவ்வொரு டயருக்கும் நம்பர் இருக்கு. இதுல பாதி மேல்ரப்பர் புதுசா ஒட்ட ரீட்ரெட் போகணும். மீதி கண்டம் ஆனது, இனி ஓட்ட முடியாது, ஏலம் விட்டாத்தான் வெளிய போகும். நீங்க சொல்ற மாதிரி ஓட்டை போட்டா நாளைக்கு என் சம்பளத்துல பிடிப்பாங்க" என்றார். அப்புறம் மேசை டிராயரைத் திறந்து வருகைப் பதிவேட்டை எடுத்துத் திருப்பி வைத்தார். அந்த வாரத்தில் பதினொரு டிரைவர், கண்டக்டர் காய்ச்சல் லீவு. தினமும் மூன்று நான்கு டிரிப் ரத்து. அதற்காக மேலே அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் சொல்ல வந்த செய்தி அவருடைய பதிவேட்டிலேயே இருந்தது. அதைப் படிக்காமல் என் பாட்டிலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

நோட்டீஸைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, "சரி சார், டீ சொல்லுங்க, பேசுவோம்" என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். ரீட்ரெட்டுக்குப் போகும் டயர்களை வைக்க ஷெட் ஓரத்தில் கூரை உள்ள ஓர் இடம் இருந்தது, அங்கே உடைந்த சீட்டுகள் கிடந்தன. சீட்டை வெளியே போட்டால் தண்ணீர் தேங்காது, டயரை உள்ளே கொண்டுவரலாம். கண்டம் டயர்களை நெருக்கமாக அடுக்கி, பழைய பிளெக்ஸ் பேனரைச் சாய்வாகக் கட்டலாம். ஏலத்தை முன்கூட்டி வைக்க எங்கள் துணை இயக்குநர் அவர்களுடைய மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், டிரிப் ரத்தான கணக்கோடு. கொசுவைப் பற்றி அதில் ஒரே வரிதான். ஆறு வாரத்தில் ஏலம் நடந்தது.

ஆனால் இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. இரவுக் காவலர் பணி மாறும்போது ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார்: டீசல் பூட்டு சரி, கேட் சரி, தீயணைப்பு வாளி சரி. அதில் "டயர் மூடியுள்ளது" என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னேன். மேலாளர் ஸ்கேலை வைத்து அங்கேயே கோடு போட்டார். எனக்கு மாற்றலாகி, இரண்டு வருடம் கழித்து அந்த வழியாகப் போனபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். நான் ஒட்டிய டெங்கு போஸ்டர் ஒன்றுகூட இல்லை. மேலாளரும் மாறிவிட்டார். அந்தக் கட்டம் மட்டும் இருந்தது. புது நோட்டுப் போட்டவர் ஏன் எதற்கு என்று தெரியாமலே பழைய நோட்டைப் பார்த்து அதையும் சேர்த்துக் கோடு போட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து நான் வேறு எதையும் கணக்கில் எடுப்பதில்லை. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், உறுதிமொழி எடுத்தார்களா, குழுப் படம் எடுத்தோமா, இதெல்லாம் நம் அறிக்கைக்கு. அந்தத் துறைக்காரர் வழக்கமாகக் கையெழுத்துப் போடும் ஏதாவது ஒரு தாளில் நம் விஷயம் ஒரு வரியாக ஏறிவிட்டதா? ஏறியிருந்தால் அவர் நம் கூட்டாளி. இல்லாவிட்டால் நமக்காகத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

இனி தண்ணீர் விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெங்குவில் நம் ஆட்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். வீடு வீடாகப் போய் "தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்" என்கிறோம். குழாயில் எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற தெருவில் நின்றுகொண்டு! ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "தேக்கி வைக்கலன்னா எட்டு நாளும் நீ வந்து ஊத்துவியா?" பதில் இல்லை. நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். எட்டு நாள் தேங்கிய சிமென்ட் தொட்டி என்றால் கணக்குச் சரியாகப் பொருந்திவிடுகிறது. அந்த அம்மாவுக்கு நம் செய்தியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அது போய்ச் சேர வேண்டிய இடம் குழாயைத் திறக்கிறவர்.

குடிநீர் வாரியத்தின் பொறியாளரிடம் போய் "எட்டு நாளை இரண்டு நாளாக்குங்கள்" என்று கேட்கலாம்தான். அவருக்கும் ஆசைதான், தண்ணீர் எங்கே இருக்கிறது? முடியாத ஒன்றைக் கேட்டால் அடுத்த முறை நம்மைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: எந்தத் தெருவுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா? அதுவரை யாருக்கும் தெரியாது. எப்போது வரும் என்று தெரியாததால் மக்கள் பழைய தண்ணீரைக் கொட்டவே மாட்டார்கள். தொட்டியில் பாதி இருக்கும்போதே புதுத் தண்ணீர் ஏறும், தொட்டி காயவே காயாது.

பொறியாளருக்கு இதில் ஒரு வசதி தெரிந்தது. தண்ணீர் எப்போது என்று கேட்டு நாளெல்லாம் வரும் போன் குறையும், காலிக் குடத்தோடு சாலை மறியல் குறையும். அவர் அந்தக் காரணத்துக்காக ஒப்புக்கொண்டார், டெங்குவுக்காக இல்லை. எனக்கு அதில் என்ன குறை? தெரு முனையில் கரும்பலகை வைத்து வால்வு திறப்பவர் நாளை எழுதினார். அதற்குக் கீழே எங்கள் வரி: "தண்ணீர் வருவதற்கு முந்தின நாள் தொட்டியைத் தேய்த்துக் கழுவவும்." தேய்த்து என்ற வார்த்தை ரொம்ப முக்கியம். ஏடிஸ் முட்டை தண்ணீருக்கு மேலே, ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை பல மாதம் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். பழைய தேங்காய் நாரோ பிரஷோ போட்டுத் தேய்த்தால்தான் போகும். நாங்கள் நோட்டீஸ் அடித்துச் சொன்னபோது கேட்காதவர்கள், தண்ணீர் விடுகிறவர் சொன்னபோது கேட்டார்கள். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். நாம் வீட்டுக்குள் வந்தால் அபராதம் போட வந்திருக்கிறோம் என்று நினைப்பு. அவர் வந்தால் தண்ணீர் வருகிறது.

இதே கதைதான் குளோரினிலும். மேல்நிலைத் தொட்டி ஊராட்சியின் பொறுப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் பதில் சொல்வது நம் பொறுப்பு. கடைசிக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) குளோரின் இருக்க வேண்டும் என்று தொட்டி ஆபரேட்டரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? அவர் வாங்கும் சம்பளத்துக்கு பி.பி.எம். வேறு தெரிய வேண்டுமா! ஓர் ஊரில் தொட்டித் தூணிலேயே பெயின்ட்டில் எழுதிவைத்தோம்: இந்தத் தொட்டி 30,000 லிட்டர், பிளீச்சிங் பவுடர் 120 கிராம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கு. 120 கிராமுக்குச் சரியாக ஒரு டப்பாவை அறுத்துக் கொடுத்தோம். பவுடரை நேரே கொட்டக் கூடாது, வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை ஊற்ற வேண்டும் என்பதைச் செய்தே காட்டினோம்.

அப்புறம் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பை அவர் கையிலேயே கொடுத்தேன். கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, மஞ்சளாகிறதா என்று அவரே பார்க்கட்டும். முதல் நாள் நிறமே மாறவில்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அளந்துதான் சார் போட்டேன்!" பார்த்தால் பிளீச்சிங் மூட்டை வாய் திறந்து மழைச் சாரலில் கிடந்திருக்கிறது, வீரியம் போய்விட்டது. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவரே ஊராட்சி செயலரிடம் சண்டை போட்டு மூடி போட்ட டிரம் வாங்கிவிட்டார். மாதம் 5, 20 தேதிகளில் தொட்டி கழுவி எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், அன்றன்று பார்த்த மஞ்சள் எவ்வளவு என்று சாக்பீஸால் எழுத ஆரம்பித்தார். எங்கள் சோதனைக் கருவி எங்கள் பையில் இருந்தவரை அது தணிக்கை. அவர் கைக்குப் போனதும் அது அவருடைய வேலையாகிவிட்டது.

பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. தலைமை ஆசிரியர்களிடம் சத்து மாத்திரை, குடற்புழு மாத்திரை என்று போகும்போது அவர்கள் மனதில் ஓடுவது ஒன்றுதான்: மாத்திரை சாப்பிட்டு நாலு பிள்ளை வாந்தி எடுத்தால் டி.வி.க்காரன் என் பள்ளி வாசலில் நிற்பான். அல்பெண்டசோல் எவ்வளவு நல்லது என்று நீங்கள் அரை மணி நேரம் பேசினாலும் அந்தப் பயம் போகாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், யாருக்காவது குமட்டினால் இந்த நம்பருக்கு அடியுங்கள், பத்து நிமிடத்தில் எங்கள் நர்ஸ் வருவார் என்று சொல்லுங்கள். சொன்னபடி வரவும் வேண்டும். அவ்வளவுதான் அங்கே.

வியாபாரிகள், தொழிற்சாலைக்காரர்கள் விஷயம் வேறு மாதிரி. உதாரணத்துக்கு உப்பு. அயோடின் குறைவால் கழுத்துக்கழலை வரும், குழந்தைகளின் மூளை வளர்ச்சி பாதிக்கும். 1950-களில் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வு தொடங்கி, உப்பில் அயோடின் கலந்தால் கழுத்துக்கழலை குறைகிறது என்று காட்டினார்கள். தேசியத் திட்டம் 1962-ல் வந்தது. ஆனால் உப்பு விளைவது குஜராத்திலும் தூத்துக்குடியிலும். உப்பளக்காரரிடம் போய் இமயமலைப் பிள்ளையின் கழுத்தைப் பற்றிச் சொன்னால் பாவம் என்பார், அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? அவர் ஊரில் அந்த நோயை அவர் பார்த்ததே இல்லை.

அங்கே வேலை செய்தது எது தெரியுமா? ரயில். உப்பு வெகுதூரம் போவது சரக்கு ரயிலில், வேகன் கிடைப்பதே பெரும்பாடு. அயோடின் கலந்த உப்புக்கு ரயில்வே முன்னுரிமை கொடுத்தது, ராணுவச் சரக்குக்கு அடுத்த படியில். ஏற்றுவதற்கு முன் உப்பு ஆணையர் அலுவலகம் அயோடின் சோதனை செய்யும். அந்த அலுவலகம் சுகாதாரத் துறையுடையது இல்லை, தொழில் அமைச்சகத்தின் கீழ் வருவது. அதன் சோதனைக் கூடங்களுக்குச் சுகாதாரத் திட்டத்திலிருந்து பணம் போனது. ஆக, வேகன் சீக்கிரம் வேண்டுமா, அயோடின் கலக்க வேண்டும். நம் செய்தி வேகன் ஒதுக்கீட்டுத் தாளில் ஏறிவிட்டது. லாரியில் போன உப்புக்கு இந்தத் தாள் கிடையாது. அதனால் லாரி உப்பைக் கண்காணிப்பது எப்போதுமே தலைவலியாக இருந்தது. ஒரே ஊர், ஒரே உப்பு. ஒரு வழியில் கட்டம் இருந்தது, இன்னொரு வழியில் இல்லை.

இன்னும் பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது இலங்கை. 1995 வாக்கில் அங்கே தற்கொலை இறப்பு லட்சத்துக்கு 47 வரை போனது, உலகிலேயே மிக அதிகமான நாடுகளில் ஒன்று. கிராமங்களில் பெரும்பாலும் பூச்சிக்கொல்லிதான் காரணம். மருத்துவத் துறை என்ன செய்திருக்க முடியும்? மனநல ஆலோசனை, விழிப்புணர்வு ஊர்வலம், மாற்று மருந்து இருப்பு. அவற்றில் சில நடந்தன, தேவையும்தான். ஆனால் எந்தப் பூச்சிக்கொல்லி கடைக்கு வரலாம் என்று முடிவு செய்யும் மேசை வேளாண் திணைக்களத்தில் இருந்தது. 1980-ல் வந்த சட்டப்படி பூச்சிக்கொல்லிப் பதிவாளர் என்று ஒருவர், கையெழுத்து அவருடையது. அங்கே போய் "மக்கள் சாகிறார்கள், ஏதாவது செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லியிருந்தால் நம் 'உரிய நடவடிக்கை' கதைதான் நடந்திருக்கும்.

அவர்களிடம் கொண்டுபோனது வேறு வகைத் தகவல். அநுராதபுரம், பொலன்னறுவை மருத்துவமனைகளில் 2002 முதல், வரும் ஒவ்வொருவரும் எந்தப் பொருளைக் குடித்தார், பிழைத்தாரா என்று பொருள்வாரியாகப் பதிந்தார்கள். வயலில் ஒரே வேலைக்குப் பயன்படும் பொருட்களிலேயே, குடித்தவர்களில் இறப்பவர் விகிதம் ஒன்றுக்கொன்று பல மடங்கு வித்தியாசப்பட்டது. பதிவாளர் கையில் இது கிடைத்தால் அவர் மொழியில் கேள்வி மாறிவிடுகிறது: விவசாயிக்கு மாற்று இருக்கும்போது இந்தப் பொருளின் பதிவை ஏன் புதுப்பிக்க வேண்டும்? இந்தப் பதிவுக்கு முன்பே தடைகள் தொடங்கியிருந்தன: பாரத்தியானை 1984-லேயே தடை செய்திருந்தார்கள். 1995-ல் மிகக் கொடிய வகையில் மீதி இருந்தவை போயின. அதற்குப் பதிலாக எண்டோசல்ஃபான் இறப்புகள் ஏறின, 1998-ல் அதுவும் போனது. மருத்துவமனைக் கணக்கில்தான் அந்த ஏற்றம் கண்ணில் பட்டது. பொருள்வாரிக் கணக்கு கையில் வந்த பிறகு, 2008-க்கும் 2011-க்கும் இடையில் இன்னும் மூன்று தடையாயின. 2005-க்குள் தற்கொலை விகிதம் பாதியானது, 2015 வாக்கில் 70 சதவீதம் வரை குறைந்திருந்தது. இருபது வருடத்தில் 93,000 உயிர் மிஞ்சியிருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இதில் நான் மிகவும் மதிப்பது, விளைச்சல் கணக்கையும் அவர்கள் பார்த்தார்கள் என்பதை. தடையால் மகசூல் விழுந்ததா? விழவில்லை. அந்தக் கேள்வியை வேளாண் துறை கேட்கும் முன்பே சுகாதாரத் தரப்பு யோசித்திருக்க வேண்டும், ஏனென்றால் பதிவாளர் இரவில் தூங்காமல் நினைப்பது அதைத்தான். நம்மூரிலும் சில வருடம் முன்பு ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை போட்டார்கள், அதுவும் வேளாண் துறை ஆணையாகத்தான் வந்தது. 1968 சட்டப்படி மாநிலத்துக்குத் தற்காலிகத் தடைக்குத்தான் அதிகாரம், நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். யார் மேசையில் எந்தக் கையெழுத்து என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை என்பதற்காக இதைச் சொல்கிறேன். உங்கள் வட்டாரத்தில் இதைத் தொட நினைத்தால் வேளாண் உதவி இயக்குநரிடம் தடை கேட்காதீர்கள், அவரால் முடியாது. உரக்கடையில் விற்பனைப் பதிவேட்டை யார் பார்க்கிறார்கள், வீட்டுக்குள் வைக்காமல் வயலில் பூட்டி வைக்கப் பெட்டி கொடுக்க ஏதும் திட்டம் உண்டா என்று கேளுங்கள். வேளாண் துறை ஆளிடம் தற்கொலை என்ற சொல்லோடு ஆரம்பித்தால் பலர் ஒதுங்கிவிடுவார்கள். மருந்தடிக்கும் கூலியாட்களுக்கு வரும் மயக்கம், வாந்தியிலிருந்து ஆரம்பியுங்கள். அது அவருடைய பயிற்சி வகுப்பிலேயே இருக்கிற பாடம்.

எல்லாரையும் கூட்டாளி ஆக்கிவிடத் துடிக்கவும் வேண்டாம். டெங்கு பேனருக்கு ஸ்பான்சர் பண்ண ஆள் வரும். கொசுவர்த்திக் கம்பெனி வரும், குளிர்பான ஏஜென்ட் வருவார். பேனரில் பெரிதாக இருப்பது அவர் பெயராக இருக்கும், மக்களும் தொட்டியைத் தேய்ப்பதை விட்டுவிட்டு வர்த்தி கொளுத்திவிட்டுத் தூங்குவார்கள். ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு என்பது வேறு. புகையிலைக் கம்பெனி விஷயத்தில் யோசிக்கவே தேவையில்லை. இந்தியா கையெழுத்திட்டிருக்கும் உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தின் 5.3 பிரிவு, சுகாதாரக் கொள்கைக்குள் அவர்களை விடாதே என்றே சொல்கிறது. அவர்கள் கொடுக்கும் காசும் வேண்டாம், குடையும் வேண்டாம்.

சரி, அடுத்த வாரம் நீங்கள் என்ன செய்யலாம்?

பதினான்கு துறையை விடுங்கள். உங்கள் வட்டாரத்தில் புழு எங்கே அதிகம் என்று வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கும் உங்கள் டி.பி.சி. பணியாளர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடமா, பழைய இரும்புக் கடையா, தண்ணீர் வராத தெருவா. அதை வைத்து இரண்டு துறையை மட்டும் எடுங்கள். கூட்டத்துக்கு அழைக்காதீர்கள், நீங்கள் போங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள் பரபரப்பில் இருப்பார்கள். போவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் இந்த மாதம் எதற்காக மேலே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்? அவருடைய கிளார்க்கோடு ஒரு டீ குடித்தால் தெரிந்துவிடும்.

முதல் சந்திப்பில் பாதி நேரம் கேளுங்கள். புழுப் பாட்டிலைப் பையிலேயே வைத்திருங்கள், அவர் கேட்டால் எடுக்கலாம். புழு அடர்த்தியைச் சொல்லும் ஹவுஸ் இன்டெக்ஸ், பிரெட்டோ இன்டெக்ஸ் எல்லாம் நமக்குள் பேசிக்கொள்ள. அவரிடம் "நூறு வீட்டில் பன்னிரண்டில் புழு இருக்கிறது, பத்து உங்கள் குடியிருப்பில்" என்றால் போதும். கேட்பது ஒன்றாக இருக்கட்டும். அவருடைய ஆளே, அவருடைய பணத்திலேயே, பத்து நாளுக்குள் செய்து முடிக்கிற ஒன்று. பெரிய உதவிகளைப் பின்னால் கேட்டுக்கொள்ளலாம்.

கடிதம் பிறகுதான். பேசி முடித்ததை எழுதுங்கள், அரைப் பக்கம். இப்படி ஆரம்பிக்கலாம்: "12-ம் தேதி தங்களைச் சந்தித்தபோது பேசியபடி, 3-வது வார்டில் குடிநீர் விடும் நாட்களின் அட்டவணையைத் தங்கள் வால்வு பணியாளர் மூலம் கரும்பலகையில் எழுத இசைந்தமைக்கு நன்றி. பலகை எங்கள் செலவில் 18-ம் தேதி வைக்கப்படும்." ஏடிஸ் கொசுவின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். மனிதர் அதை ஏற்கெனவே பதினோரு கடிதத்தில் படித்திருப்பார்.

இன்னொரு சின்ன விஷயம். முதல் கடிதத்தில் "நகல்: மாவட்ட ஆட்சியர்" என்று போட்டுவிடாதீர்கள். நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்ததும் அவர் இதைப் புகார் என்று எடுத்துக்கொண்டு, தன்னைக் காத்துக்கொள்ளப் பதில் எழுதுவார், அதோடு கதை முடிந்தது. வேலை நடந்து, காய்ச்சல் குறைந்த பிறகு, அவர் துறை செய்ததை விவரித்து ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள். நம் துறை பெயர் கடைசி வரியில் வந்தால் போதும். ஆட்சியருக்கு நகல் போட வேண்டியது அதில்.